அம்மா பார்ப்பதற்கு முன்

எங்கள் மகள் ஏழாவது மாதத்தில் பிறந்தாள். என் மனைவிக்கு இரத்த அழுத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. காலும் முகமும் வீங்கிப் போயிருந்தன. கடலூரில் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த டாக்டரம்மா, இனிமேல் காத்திருந்தால் தாய்க்கு வலிப்பு வந்துவிடும் என்று சொல்லி, அன்று மதியமே அறுவை சிகிச்சை செய்து குழந்தையை எடுத்துவிட்டார். சாப்பிடுவதற்காகச் செம்மண்டலத்து வீட்டுக்கு வந்திருந்த நான், போன் வந்ததும் தட்டில் கை வைக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

குழந்தையை எனக்குக் காட்டியபோது அது அழவில்லை, முனகியது. மூச்சை வெளியே விடும்போதெல்லாம், பாரம் தூக்குகிறவர்களிடமிருந்து வருவது போன்ற ஒரு சின்ன முக்கல் வந்தது. நெஞ்சுக்குழி உள்ளே வாங்கியது. மூக்கின் ஓரங்கள் விரிந்து விரிந்து அடங்கின. ஒரு கிலோவுக்குச் சற்று மேல் என்றார்கள். நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இது யாருடைய குழந்தை என்பது போல ஒரு யோசனைதான் இருந்தது.

குழந்தைகள் டாக்டர் இளம் வயதுக்காரர். எனக்குப் புரிய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார்.

"நுரையீரல் இன்னும் முழுசா தயாராகலங்க. மூச்ச விட்டதும் உள்ள இருக்கற சின்னச் சின்னப் பைங்க ஒட்டிக்குது. மறுபடி பிரிக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் கஷ்டப்படுது. அதான் முனகறது. கொஞ்சம் காத்து எப்பவும் உள்ள நின்னுச்சுன்னா ஒட்டாது. தொண்டையில குழா விட்டு மெஷின்ல போடறதுக்கு முன்னாடி, மூக்கு வழியா அத செஞ்சு பாப்போம்."

அதற்கு அவர்கள் சிபாப் என்று பேர் சொன்னார்கள். குழந்தையின் மூக்குத் துவாரங்களில் இரண்டு மெல்லிய ரப்பர் முனைகள். அவை நகராமல் இருக்கத் தலையில் ஒரு துணித் தொப்பி. சூடாக்கி ஈரமாக்கிய காற்று ஒரு குழாயில் வருகிறது. இன்னொரு குழாயின் நுனி தண்ணீர் பாட்டிலுக்குள் முங்கியிருக்கிறது. எவ்வளவு ஆழம் முங்குகிறதோ அவ்வளவு அழுத்தம். பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருந்தால் காற்று ஒழுகாமல் போய்ச் சேருகிறது என்று பொருள். அது நின்றால் மூக்கில் பொருத்தியது விலகியிருக்கிறது, அல்லது குழந்தையின் வாய் திறந்திருக்கிறது. இவ்வளவு எளிமையான ஒன்றை நம்பி ஒரு உயிர் இருக்க முடியும் என்பது எனக்கு முதலில் பிடிபடவில்லை.

அது போதாமல் போகலாம், நுரையீரலுக்கென்று ஒரு மருந்து தர வேண்டியிருக்கும், அதற்குச் சிதம்பரத்துப் பெரிய ஆஸ்பத்திரிதான் நல்லது என்றார். அந்தக் குழாய்களோடும் பாட்டிலோடுமே ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கிளம்பும் முன் மனைவியைப் பார்த்தேன். மயக்கம் பாதி தெளிந்திருந்தாள்.

"என்னா கொழந்தங்க?"

"பொண்ணு."

"யாரு மாதிரி இருக்கா?"

"தொப்பிதான் தெரிஞ்சிது," என்றேன். தொப்பி போடுவதற்கு முன் பார்த்த முகம் மனதில் நிற்கவில்லை.

அவள் தையல் போட்ட வயிற்றோடு கடலூரில் கிடந்தாள். என் மாமியார் அவளோடு இருந்தார். நான் குழந்தையோடு சிதம்பரம் போனேன். ஆம்புலன்ஸில் நர்ஸ் ஒருவர் தண்ணீர் பாட்டில் சாயாமல் அதைக் கையால் பிடித்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் டிரைவரிடம் "மெதுவாண்ணா" என்றார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் என்று எனக்குப் பழகிய ஊர்கள் ஜன்னலில் கடந்தன. அந்தப் பக்கம் நிலம் அளக்க எத்தனையோ முறை போயிருக்கிறேன். நான் நில அளவைத் துறையில் வேலை செய்கிறவன்.

என் மனைவியைச் சந்தித்ததும் அந்த வேலையால்தான். அவளுக்குக் காடாம்புலியூர். அவர்கள் குடும்பத்து முந்திரித் தோப்பைப் பங்கு பிரிப்பதற்கு அளக்கப் போயிருந்தேன். அவர்கள் இந்துக்கள், நாங்கள் கத்தோலிக்கர்கள். பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். அவள் கோவிலுக்குப் போவாள், நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். பிறக்கும் குழந்தை எந்தப் பக்கம் என்ற பேச்சு இரண்டு மூன்று முறை வந்தது. பிறக்கட்டும், இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டிருந்தோம். உட்கார்ந்து பேச நாள் இருக்கிறது என்றுதான் நினைத்தோம்.

என் அக்கா கடலூர் முதுநகரில் இருந்தாள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை. செய்தி தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு, மாற்றுத்துணியோடு பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்து சேர்ந்தாள். அவளுக்கு முதலில் ஒரு குழந்தை பிறந்து இறந்துபோனது என்பது எனக்குத் தெரியும். அதற்குமேல் தெரியாது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை குழந்தையின் நிலைமை மோசமானது. ஆக்சிஜன் அளவைக் கூட்டிக்கொண்டே போனார்கள். பெரிய டாக்டர் என்னை அழைத்தார். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்மணி. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"மூக்குக் குழாய எடுக்காமலே, மெல்லிசா ஒரு டியூப் உள்ள விட்டு மருந்து குடுக்கப் போறோம். பாப்பா தானா மூச்சு விட்டுக்கிட்டே இருக்கும். அதுல சரியாகலாம். ஆகலன்னா வென்டிலேட்டர்ல போட்டுத்தான் ஆகணும்."

"பிழைச்சிடுமா டாக்டர்?"

"சாயங்காலம் கேளுங்க," என்றார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்து மாடிப்படிக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள்.

"தம்பி, தண்ணி ஊத்திடலாம்டா."

"என்னா தண்ணி?"

"ஞானஸ்நானம். சாமியார்தான் வரணும்னு இல்ல. ஆபத்துல யாரு வேணாலும் குடுக்கலாம். உள்ள இருக்கற நர்சம்மாவும் நம்ப வேதக்காரங்கதான், கேட்டுட்டேன். டாக்டர் சரின்னா, ஊசியில்லாத சிரிஞ்சுல சுத்தமான தண்ணி எடுத்து நெத்தியில ஒரு சொட்டு விட்டா போதும்னாங்க. மருந்து குடுக்கறதுக்கு முன்னாடி செஞ்சிடலாம்."

அவள் சொல்வதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் மனைவியைக் கேட்காமல் முடியாது என்றேன். போன் செய்தேன். மாமியார் எடுத்து அவளிடம் கொடுத்தார்.

விஷயத்தைச் சொன்னேன்.

"ரொம்ப மோசமா இருக்காளா?"

"இருக்கா."

"செத்துடுவான்னு சொல்றாங்களா?"

"அப்படிச் சொல்லல. சாயங்காலம் கேளுங்கன்னாங்க."

"அப்ப ஒண்ணும் செய்ய வேணாம்." குரல் உடைந்திருந்தது. ஆனால் தடுமாற்றம் இல்லை. "நான் இன்னும் அவளப் பாக்கவே இல்லங்க. கண்ண முழிக்கறதுக்குள்ள எடுத்துக்கினு போயிட்டீங்க. நான் பாக்கறதுக்கு முன்னாடி அவள யாருக்கும் குடுக்காதீங்க. உங்க சாமிக்கும் சரி, எங்க சாமிக்கும் சரி."

போனை வைத்துவிட்டு அக்காவிடம் வேண்டாம் என்றேன். காரணத்தையும் அப்படியே சொன்னேன். அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒனக்குத் தெரியாது. நீ அப்ப எட்டாவது படிச்சிக்கினு இருந்த," என்றாள். "எனக்கும் ஏழாம் மாசந்தான். இதே மாதிரிதான் முனகிச்சு. பக்கத்துக் கட்டில்ல படுத்துக்கினு கேட்டுக்கினே இருந்தேன். அப்ப நம்ப ஊர்ல இந்தக் குழாயெல்லாம் ஏது? கண்ணாடிப் பொட்டியில வெச்சு ஆக்சிஜன் விட்டாங்க. பொழுது போறதுக்குள்ள அடங்கிப்போச்சு. தண்ணி ஊத்தணும்னு யாருக்கும் தோணல. தண்ணி ஊத்தாத புள்ளைய கல்லறைக்குள்ள வெக்கக்கூடாதுன்னுட்டாங்க. செவுத்துக்கு வெளிய ஓரமா, முள்ளு மண்டிக் கெடந்துதே, அங்க வெச்சிட்டு வந்தாங்க. என்னிய கூட்டிக்கினும் போகல. எந்த எடம்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

நானும் அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"இப்ப அப்படியெல்லாம் யாரும் செய்யறதில்ல, எல்லாருக்கும் எடம் உண்டுன்னு சாமியாரே சொல்றாரு. அதெல்லாம் தெரியும். இருந்தாலும் பயமா இருக்குடா. ஒண்ணு ஆயிடுச்சுன்னா அப்புறம் திருப்ப முடியாது. நீ பதில் சொல்லுவியா?"

"சொல்றேன்க்கா," என்றேன்.

என்ன தைரியத்தில் அப்படிச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை. நான் திடமான விசுவாசி என்று சொல்லிக்கொள்ள முடியாது, விசுவாசம் இல்லாதவனும் இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், குழந்தைமேல் என்னைவிட அவள் அம்மாவுக்கு உரிமை ஜாஸ்தி என்பதுதான்.

அக்கா எழுந்து வராந்தாவின் அந்தக் கோடிக்குப் போய் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்னோடு பேசவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து கான்டீனிலிருந்து இட்லிப் பொட்டலம் வாங்கி வந்து, என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

மருந்தைக் கொடுத்தார்கள். மாலையில் என்னை உள்ளே விட்டார்கள். கையைக் கழுவி, அவர்கள் தந்த அங்கியைப் போட்டுக்கொண்டு கிட்டே போனேன். முனகல் இல்லை. அதைக் கேட்டுக் கேட்டே பழகியிருந்த எனக்கு, அது நின்றுபோனது முதலில் திக்கென்றிருந்தது. பாட்டிலில் மட்டும் குமிழிச் சத்தம். நெஞ்சைப் பார்த்தேன். உள்ளே வாங்குவது குறைந்திருந்தது. அந்தத் துடிப்பும் பரபரப்பும் இல்லாமல் அது பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. "ஆக்சிஜன நல்லாக் கொறச்சிட்டோம் சார்," என்றார் நர்ஸ். வெளியே வந்து அக்காவிடம் சொன்னேன். அவள் என்னைப் பார்க்காமல் தலையாட்டினாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

அடுத்து வந்த நாட்களில் பால் முக்கியமாகிவிட்டது. அம்மாவின் பால்தான் வேண்டும், துளித்துளியாக இருந்தாலும் கொண்டுவாருங்கள் என்றார்கள். வாய் வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில் அதை ஊற்றினார்கள். மனைவி கடலூரில் பீய்ச்சிக் கொடுப்பாள். அவள் தம்பி அதை ஐஸ் பெட்டியில் வைத்து பைக்கில் எடுத்து வருவான். தினமும் பெட்டியை என்னிடம் நீட்டும்போது, "மாமா, அக்கா கேக்கச் சொன்னுச்சு, குமிழி வருதா?" என்பான். வருது என்பேன். போட்டோ எடுக்க உள்ளே அனுமதியில்லை. நான் போனில் என்ன சொன்னாலும் அவள் நம்பியது அந்த ஒரு சொல்லைத்தான்.

இரத்த அழுத்தம் கட்டுக்குள் வந்ததும் அவள் கிளம்பி வந்துவிட்டாள். இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று டாக்டரம்மா சொல்லியும் கேட்கவில்லை. தம்பி வாடகைக் காரை மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தான். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் தாங்கியபடி நடந்து வந்தாள். அக்காவைப் பார்த்து நின்றாள். நான் அவளை உள்ளே கூட்டிப்போனேன்.

குழந்தையைச் சூடாக வைத்திருக்கும் வார்மர் பக்கத்தில் நின்று வெகுநேரம் பார்த்தாள். தொப்பி, இரண்டு பக்கமும் குழாய்கள், கன்னத்தில் ஒட்டுகள், வாயில் பால் குழாய். "மூஞ்சியே தெரியலையேங்க," என்றாள்.

நர்ஸ் அதைக் கேட்டுவிட்டார். "மூக்க சுத்தம் பண்ற நேரந்தாம்மா. ஒரு நிமிஷம் எடுப்பேன், பாத்துக்கோங்க," என்றார்.

குழாயை மூக்கிலிருந்து விலக்கினார். பாட்டிலில் சத்தம் நின்றது. குழந்தையின் முகம் முழுதாகத் தெரிந்தது. நானும் அப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். மூக்குத்தண்டின் அடியில் ரப்பர் அழுத்திச் சிவந்திருந்தது. நர்ஸ் ஈரப் பஞ்சால் துடைத்து, தோல் புண்ணாகாமல் இருக்க ஒரு சின்ன ஒட்டை வைத்தார். அவர் திரும்பப் பொருத்தும்வரை நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். குமிழி மறுபடியும் வந்ததும் மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அப்பா மூக்கு," என்றாள். பிறகு ஒரு விரலால் குழந்தையின் உள்ளங்காலைத் தொட்டாள். கால் சுருங்கி நீண்டது.

வெளியே வந்து நேராகப் போய் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்கா சொன்னதையெல்லாம் போனில் அவளிடம் நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன்.

"அண்ணி, நான் பாத்துட்டேன். இனிமே உங்களுக்கு என்ன தோணுதோ செய்யுங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "வேணாம்மா. இப்பதான் நல்லா இருக்கே. வீட்டுக்கு வரட்டும். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கினு சொல்லுங்க," என்றாள்.

பிறகு மனைவி கேட்டாள்: "உங்க பாப்பாவுக்கு என்ன பேரு வெக்கலாம்னு நெனச்சிருந்தீங்க அண்ணி?"

அக்கா ஒரு பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை நான் கேள்விப்பட்டதே இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதில்லை என்று அவள் சொல்லாமலே தெரிந்தது. பிறகு அவள் சத்தம் போட்டு அழுதாள். வராந்தாவில் இருந்தவர்கள் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து எட்டிப்பார்த்தார்கள். செக்யூரிட்டி வந்து விசாரித்தார். ஒன்றுமில்லை என்று நான் அனுப்பிவைத்தேன்.

அந்தப் பெயரையே எங்கள் மகளுக்கு வைக்கலாமா என்று மனைவி பிறகு ஒருநாள் கேட்டாள். அக்காதான் வேண்டாம் என்றாள். "அது அவ பேரு," என்றாள்.

கொஞ்சம் தேறிய பிறகு, குழாய்களோடேயே குழந்தையை நெஞ்சில் போட்டு அணைத்துக்கொள்ளச் சொன்னார்கள். தோலோடு தோல் பட்டால் சூடும் மூச்சும் சீராக இருக்குமாம். மனைவியால் தொடர்ந்து உட்கார முடியவில்லை, தையல் வலித்தது. அதனால் நாங்கள் மூவரும் மாறி மாறி வைத்துக்கொண்டோம். நான் சட்டையைக் கழற்றிவிட்டுச் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தேன். நர்ஸ் குழந்தையை என் மார்பில் தவளை போலப் படுக்கவைத்து, துணியால் கட்டி, குழாய்களை என் தோள்மேல் ஒட்டினார். என்னால் அசைய முடியவில்லை. பாட்டிலின் அதிர்வு குழாய் வழியாக என் தோளில் லேசாகத் தெரிந்தது. அப்படியே தூங்கிப்போனேன். எழுப்பியபோது, சார் குறட்டை விட்டீங்க, பாப்பா பயப்படவே இல்ல என்று சிரித்தார் நர்ஸ். அன்றுதான் இது என் குழந்தை என்று எனக்குத் தோன்றியது.

ஒரு முறை குழாயை எடுத்துப் பார்த்தார்கள். காலையில் எடுத்தார்கள். மதியத்துக்குள் களைத்துவிட்டாள். நடுநடுவே மூச்சு விட மறந்தாள். காலைத் தட்டி நினைவுபடுத்த வேண்டியிருந்தது. திரும்பப் போட்டார்கள். மனைவி நொறுங்கிப்போனாள். "சீக்கிரம் எடுத்துட்டோம், அவ்ளோதான். பாப்பா தோக்கல, நாங்கதான் அவசரப்பட்டோம்," என்றார் பெரிய டாக்டர். அக்கா அன்று தண்ணீரைப் பற்றிப் பேசவில்லை. போய்க் காப்பி வாங்கிவந்தாள்.

இரண்டாவது முறை எடுத்தபோது மறுபடி போடத் தேவைப்படவில்லை. பாட்டிலைத் துடைத்து வேறெங்கோ எடுத்துப் போனார்கள். குமிழிச் சத்தமில்லாமல் எங்களால் நிம்மதியாக இருக்க முடியவில்லை. மனைவி குனிந்து குனிந்து அவள் மூக்கருகே காது வைத்தாள். மூச்சு கேட்கவே இல்லை என்று என்னிடம் சொன்னாள். நர்ஸ் சிரித்தார். "நல்ல மூச்சுக்கு சத்தம் இருக்காதும்மா."

எடை கூடும்வரை இருந்துவிட்டுக் கடலூருக்குத் திரும்பினோம். மதத்தைப் பற்றி உட்கார்ந்து பேசினோம். சுலபமாக முடியவில்லை, இரண்டு முறை சண்டையும் வந்தது. கடைசியில் எங்கள் பங்குக் கோவிலில் ஞானஸ்நானம், காடாம்புலியூரில் குலதெய்வத்துக்கு மொட்டை என்று முடிவாயிற்று. இரண்டு பக்கமும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள், வந்து சாப்பிட்டவர்களும் இருந்தார்கள். சாமியார் முன்னால் அக்காதான் குழந்தைக்கு ஞானத்தாயாக நின்றாள். ஆஸ்பத்திரியில் யாராவது ஏற்கெனவே தண்ணீர் ஊற்றினீர்களா என்று சாமியார் கேட்டார். இல்லை சாமி, அவ அம்மா வேணாம்னுட்டா என்றாள் அக்கா. அதில் குறை சொல்லும் தொனி இல்லை.

அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அக்கா என் மனைவியைத் தன்னோடு கல்லறைக்கு அழைத்துக்கொண்டு போனாள். நான் குழந்தையோடு வெளியே நின்றேன். பழைய மதிலை இடித்துவிட்டு, இன்னும் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். அப்போது வெளியே இருந்த இடமெல்லாம் இப்போது உள்ளே வந்துவிட்டது. எங்கே என்று சரியாகத் தெரியாததால், இருவரும் பழைய மதில் இருந்த இடம் நெடுகப் பூவைத் தூவிக்கொண்டே நடந்தார்களாம்.

மகளுக்கு இப்போது இரண்டு வயது தாண்டிவிட்டது. சளி பிடித்தால் மற்றக் குழந்தைகளைவிடக் கொஞ்சம் அதிகமாக இழுக்கும். கண்ணும் காதும் சரியாக இருக்கின்றன. பேச்சு தாமதமாக வந்தது, வந்தபிறகு நிற்கவில்லை. போன மாதம் சிதம்பரத்துக்குக் கடைசியாகக் காட்டப் போனோம். இனிமேல் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளுங்கள், இங்கே வர வேண்டாம் என்றார் பெரிய டாக்டர். அக்காவும் கூட வந்திருந்தாள். நேரம் இருந்தது. மனைவி பிச்சாவரம் பார்த்ததில்லை என்றாள். போனோம். தண்ணீர் என்றால் அக்காவுக்குப் பயம், நான் கரையிலேயே இருக்கிறேன் என்றாள். மனைவி விடவில்லை. படகு சுரபுன்னை மரங்களுக்கு நடுவே நுழைந்தபோது அக்கா இரண்டு கையாலும் பலகையைப் பிடித்துக்கொண்டு, "திரும்பச் சொல்லுடா, திரும்பச் சொல்லு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மகள் சிதம்பரம் ஆஸ்பத்திரியின் பழைய மருந்துச் சீட்டைக் கிழித்துத் தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.